தேத்தண்ணி இன்னும் குடிக்கேல்லை

நான் ஒரு பொய்யன். அதிலும் கறிவேப்பிலை தின்ற பொய்யன்! குடியை விட்டு எட்டு மாதம் என்று கூட்டத்தில் கைதட்டல் வாங்கிய மறுநாளே, கோப்பாயில் என் கிணற்றடியில் நின்று சாராயம் குடித்தேன். மணம் தெரியாதிருக்க, ஆடு மாதிரி ஒரு கறிவேப்பிலைக் கொப்பையே மொட்டையடித்தேன்.

சிரியுங்கள். கூட்டத்திலும் நான்தான் பகிடிக்காரன்...

குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கிற கூட்டம் அது. இருவர் இருவராகச் சோடி. என் சோடி குருநகர் மரியதாஸ், கடற்றொழிலாளி. வீட்டாருக்கு விளங்காமல் கதைக்க எங்களிடம் ஒரு கேள்வி இருந்தது. பின்னேரம் நாலு மணிக்கு, "தேத்தண்ணி குடிச்சாச்சோ?" "ஓம்" என்றால் சுகம். "இன்னும் இல்லை" என்றால், மனம் சாராயத்துக்கு அலைகிறது, உடனே வா!

நான் "இன்னும் இல்லை" என்ற நாட்களில் அவன் சைக்கிளில் வந்தான். புத்தி சொல்லவில்லை. என்னோடு வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிவிட்டுப் போனான். அப்படித்தான் எட்டு மாதம் தாண்டினேன்.

சாராயம் குடித்த அன்று, நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தபோது என் வாயில் கறிவேப்பிலை.

"அண்ணை, நான் இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லை."

மரியதாஸ்தான். எனக்கு விளங்கவில்லையா? நன்றாக விளங்கியது! போனால் சாராய மணத்தைப் பிடித்துவிடுவானே... கூட்டம் முழுவதும் அறிந்துவிடுமே... அந்தப் பயத்தில் வாய் தானாகப் பகிடி விட்டது.

"அப்ப கேத்திலை அடுப்பிலை வையடாப்பா! அதுக்கும் நான் வரவேணுமோ?"

அவன் சிரிக்கவில்லை. "சரி அண்ணை" என்று வைத்துவிட்டான்.

மூன்றாம் நாள் அவனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்டேன். குடித்துவிட்டு இறங்குதுறைப் படியில் விழுந்து, கால் முறிந்து கிடந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கறிவேப்பிலையையும் சொன்னேன், சிரிப்பானோ என்று... அங்கேயும் பகிடி!

கூட்டத்தில் இன்னும் சொல்லவில்லை. ஒன்பதாம் மாதக் கைதட்டலையும் வாங்கிவிட்டேன்! மரியதாஸ் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போது நாலு மணியானால் எனக்கு வேலை ஓடாது. தொலைபேசி அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்...

அன்று கட்டிலில் கிடந்தபடி, என் முகத்தைப் பாராமல் அவன் சொன்னது இவ்வளவுதான்:

"சாராய வெறியிலை எண்டாலும் வந்திருக்கலாம் அண்ணை. நான் ஆளைத்தானே கேட்டனான்."