லாபிஸ் சாலையில் மூன்றாம் முறை

லாபிஸ் சாலையில் கார் மூன்றாம் முறையாக நின்றுவிடுகிறது. பத்து மணிக்கு எனக்கு முகூர்த்தம். துணைக்கு வரத் தாயோ உறவோ இல்லாத நான் பட்டு வேட்டியோடு தெருவில் நிற்கிறேன்.

"டாங்கி நிறைய எண்ணெய் இருக்கு, எஞ்சினுக்குத்தான் வரலீங்க," என்கிறார் ஓட்டுநர் சாமிக்கண்ணு.

எதிர்க் காப்பிக்கடை அஞ்சலையம்மாள் கெட்டிப்பால் டின்னோடு வருகிறார். "இதுல ஒரு ஓட்டை மட்டும் போட்டா பாலு வராது, தம்பி. காத்து உள்ள போக இன்னொண்ணு வேணும். டாங்கி மூடியப் பாருங்க."

சாமிக்கண்ணு மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்கிறது. மூடியின் துளையைச் செம்மண் அடைத்திருக்கிறது. அஞ்சலையம்மாள் கொண்டையூசியால் குத்தி எடுக்கிறார். எஞ்சின் உறுமுகிறது.

"கல்யாணத்துக்கு நீங்களும் வாங்கம்மா!" என்கிறேன்.

கடையைச் சாத்திவிட்டு ஏறிக்கொள்கிறார்.

கோயில் வாசலில், என் பக்கத்து ஆட்களைப் பார்த்தேயிராத பெண் வீட்டார் அவரை என் தாயென்று எண்ணி முதல் சந்தனம் கொடுக்கிறார்கள். அவர் மறுக்கவில்லை, நானும்தான்.