மூன்றாம் முறை சொன்னால் உட்காரு

சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரி நேர்முகத்துக்கு என்னைத் தயார் செய்தவர் என் அப்பா. கடலுக்கு இக்கரையில், கூலாய் என்ற ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பெரிய கிராணி, ஆபீசின் தலைமை எழுத்தர். கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் அதே ஆபீசில் எனக்குச் சின்னக் கிராணி வேலை என்று தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். அந்த வேலைக்கு மட்டும் போய்விடக் கூடாது என்றிருந்தேன்.

மூன்று வாரம், மாலையில் வேலை முடிந்து வந்ததும், முன்னறையில் நாற்காலியைப் போட்டு அப்பா துரையாக மாறுவார். நான் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வர வேண்டும்.

“சிட் டவுன்” என்றார் முதல் நாள். உட்கார்ந்தேன். அவர் துள்ளி எழுந்தார்.

“வெள்ளக்காரன் சொன்னதும் பொத்துன்னு உட்கார்ந்துருவியா? வேணாங்க ஐயான்னு சொல்லு. ரெண்டு தடவ சொல்லு. மூணாவது தடவ சொன்னா நுனியில உட்காரு.”

“பள்ளிக்கூட வாத்தியாரு உடனே உட்காரச் சொன்னாரே, அப்பா?”

“வாத்தியாருக்கு எந்தத் துரையத் தெரியும்? நான் இருபது வருஷமா ஆபீசுக்குள்ள போறேன். ஒரு நாள் உட்கார்ந்திருப்பேனா?”

இதைப் பெருமையாகவே சொன்னார்.

தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்பதையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். துரை தொழிலாளர்களைப் பிள்ளைகளைப்போல் பார்க்கிறார், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள் சுத்தமானவை, காய்ச்சல் கிடையாது. எழுதத் தெரியாதவர்களுக்கு ஊர்க் கடிதம் எழுத நான் அந்த லயங்களுக்குப் போவதுண்டு. ஒருவர் சொல்லச் சொல்ல எழுதும்போது பக்கத்துப் பாயில் இன்னொருவர் நடுங்கிக்கொண்டிருப்பார். வாந்தியின்மேல் அடுப்புச் சாம்பலைத் தூவியிருப்பார்கள்.

“இது பொய்யில்லையா, அப்பா?”

“உனக்கு நற்சான்று எழுதிக் கொடுத்தவரே துரைதான். அவர் பேரக் கெடுக்கப் போறியா?”

மனப்பாடம் செய்தேன்.

ரயிலில் கடல் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று வெள்ளைக்காரர்கள். நடுவில் இருந்தவர் உட்காரச் சொன்னார். வேண்டாம் என்றேன். மறுபடி சொன்னார். மறுபடியும் வேண்டாம் என்றேன். மூன்றாவது முறை அவர் சொல்லவில்லை. “உன் விருப்பம்” என்று காகிதத்தைப் புரட்டினார். கடைசிவரை நின்றுகொண்டிருந்தேன்.

ஓரத்தில் இருந்தவர் மருத்துவர். உங்கள் தோட்டத்தில் மலேரியா எப்படி என்று கேட்டார். அப்பா எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் குறையாமல் ஒப்பித்தேன்.

“லயத்துக்குள் போயிருக்கிறாயா?”

“அடிக்கடி போயிருக்கிறேன், ஐயா.”

“ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை?”

“இல்லை, ஐயா.”

அவர் பேனாவை மூடினார். கோபப்படவில்லை. கெட்டுப்போன மீனை முகர்ந்தவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நாற்றம் எனக்கும் அடித்தது.

இடம் இல்லை என்று கடிதம் வந்தது. அப்பா ஒரு நாள் சாப்பிடவில்லை. மறுநாள் துரையைப் பார்த்துவிட்டு வந்து, திங்கட்கிழமை முதல் வேலை என்றார்.

திங்கட்கிழமை விடியலில், ஆட்களை வேலைக்கு எண்ணி அனுப்பும் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிட்டேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்த ஒரு பெண், பற்கள் தந்தியடிக்க, “வந்துட்டேங்க, கிராணி ஐயா” என்றாள். முந்திய நாள்வரை என்னைத் தம்பி என்று கூப்பிட்டவள். காய்ச்சலா என்று நான் கேட்கவில்லை. வந்ததாகக் குறித்துக்கொண்டு அடுத்த பெயரைப் படித்தேன்.