ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

எங்கள் மோட்டார் ரூம் சுவரில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானுமாக ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி இருந்தது. பச்சையை நான் அழுத்தினால் எங்கள் வெங்காயத்துக்குத் தண்ணீர் போகும். அசந்த நேரம் பார்த்துச் சிவப்பை என் ஓரகத்தி அழுத்துவாள். என் கணவருடைய அண்ணன் மனைவி அவள். பாகப் பிரிவினையில் ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி, அந்தப் பக்கம் அவர்களும் இந்தப் பக்கம் நாங்களும் இருந்தோம். கிணற்றுக்கு நடுவில் சுவர் வைக்க முடியாது என்பதால் அது மட்டும் பொதுவில் நின்றது. இப்போது எழுதப் பழகும் பிள்ளைகள் என்னிடம் வந்து, தினமும் எழுதும் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்கும்போது, உழைப்பு, ஆர்வம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். அவள் மேல் இருந்த ஆத்திரத்தில் வந்த பழக்கம் அது. அதற்காக அவளுக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. எனக்கு அவளைப் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. நேரில் இத்தனை வருஷமும் ‘வாங்கக்கா, போங்கக்கா’ என்றுதான் பேசியிருக்கிறேன். இது என் காகிதம் என்பதால் இங்கே அவள் வெறும் ‘அவள்’தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பல்லடத்தைத் தாண்டி தாராபுரம் ரோட்டில் உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். மழை பொய்த்துக்கொண்டே வந்தது, கிணற்றில் இருக்கிற தண்ணீரைத்தான் இரண்டு குடும்பமும் நம்பியிருந்தோம். வாரத்தில் மூன்று நாள் அவர்கள் முறை, மூன்று நாள் எங்கள் முறை. மிச்சம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரம் அவர்களுக்கு, ஒரு வாரம் எங்களுக்கு என்று வாய்ப்பேச்சில் போய்க்கொண்டிருந்தது. ஒரு சித்திரை மாதம் அவள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, யாருக்கோ சொல்வது போல, “மூத்த ஊட்டுக்கு ஒரு ஞாயமும் இல்லீங்களா? ஞாயித்துக்கெழம இனி நம்ம முறைதானுங்க” என்றாள். அவ்வளவுதான், அன்றைக்கு ஆரம்பித்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதியில் மோட்டார் நிற்கும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தாலும் போய்ப் பார்த்தால் வாய்க்காலில் மடை அவர்கள் பக்கம் திரும்பியிருக்கும். மண் ஈரமாக இருக்கும், ஆள் இருக்காது. ஞாயிறோடு நிற்கவில்லை, மற்ற நாட்களிலும் கை வைக்க ஆரம்பித்தாள். நாலு பாத்தி வெங்காயம் வாடி மடங்கியதைப் பார்த்து நான் வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து அழுதிருக்கிறேன். துக்கத்தில் வந்த அழுகை இல்லை, கையில் கிடைத்தால் கிழித்துவிடுவேன் என்ற அழுகை.

என் கணவர் நூல் மில்லில் ஷிப்டுக்குப் போகிறவர். அதனால் காவல் என் தலையில் விழுந்தது. மோட்டாரை ஓட்டும் மூணு பேஸ் கரண்டு விடியற்காலையில் வரும், அது போகிற வரைக்கும் நான் மோட்டார் ரூம் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்தால் எதிரே பார்க்க வேண்டியிருக்கும். எதிரே, கிணற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு கல்லின் மேல் அவள் உட்கார்ந்திருப்பாள். எங்கள் முறை முடிந்த பிறகு ஒரு நிமிஷம் கூட மோட்டார் ஓடக்கூடாதே, அதற்கு அவள் காவல். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்க அவள் கீரை ஆய்வாள், நான் அட்டையும் காகிதமும் எடுத்துப்போய் கதை எழுதுவேன். கல்யாணத்துக்கு முன்னால் எப்போதாவது எழுதியதுண்டு. தீபாவளிக்கு ஒன்று, மனசு சரியில்லை என்றால் ஒன்று. இங்கே அந்தச் சொகுசெல்லாம் இல்லை. மின்சார வாரியம் நேரம் வைத்தது, ஓரகத்தி இடத்தை விட்டு எழுந்திருக்க விடவில்லை. எழுதாமல் என்ன செய்வது? ஒரு வருஷம் போனதும், அவர்கள் முறை நாட்களில் கூட அந்த நேரத்துக்கு விழிப்பு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன்.

எழுதியதெல்லாம் அவளைத்தான். ஒரு கதையில் அவள் சித்தி, ஒன்றில் மாமியார், ஒன்றில் ஆபீஸ் மேலதிகாரி. எல்லாக் கதையிலும் கடைசியில் அவளுக்கு ஏதாவது கேடு வரும். காலை ஒடித்திருக்கிறேன், வாய் கோணச் செய்திருக்கிறேன், ஒரு கதையில் வீட்டுக் கூரையையே சரித்துவிட்டேன். எழுதி முடிக்கும்போது நெஞ்சு குளிர்ந்து போகும். சென்னையில் ஒரு வார இதழுக்கு அனுப்புவேன், அனுப்பிய வேகத்தில் திரும்பி வரும். ஒரு தடவை மட்டும் அச்சடித்த சீட்டின் கீழே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள். ‘இந்தப் பெண்மணி ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்று உங்களுக்காவது தெரியுமா?’ எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ‘ஏன்’ என்றால் என்ன அர்த்தம்? கெட்டவள், அதனால் செய்கிறாள். எங்கள் தோட்டத்தில் வந்து ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. பேராசை என்று எழுதிப் பார்த்தேன், சப்பென்று இருந்தது. பொறாமை என்று போட்டேன், என்மேல் பொறாமைப்பட என்ன இருக்கிறது? காதில் போட்டிருந்த தோடு கூட அம்மா வீட்டிலிருந்து வந்ததுதான். எந்தக் காரணத்தைக் கொடுத்தாலும் காகிதத்தில் அவள் அட்டையில் வெட்டிய பொம்மை மாதிரி நின்றாள், எதிரே கல்லில் உட்கார்ந்திருப்பவளோ அசையாமல் இருந்தாள். சொந்தக்காரர்கள் முன்னால் கெட்ட பேர் வாங்கியும், உடம்புக்கு முடியாத நாளில் கூட, பனியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருகிறாள். திருட வந்தவள் இப்படி உட்கார மாட்டாள். தன் பொருளைக் காப்பாற்ற வந்தவள்தான் இப்படி உட்காருவாள். அப்போதுதான் புத்திக்கு எட்டியது, அவள் கணக்கில் திருடுகிறவள் நான். ஒரு சண்டை படிக்கிறவர் மனசில் நிற்க வேண்டும் என்றால் இரண்டு பேரும் நியாயத்தோடு நிற்க வேண்டும். இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு நம்பியிருக்க மாட்டேன்.

சரி, அவளுக்கு ஒரு நியாயம் தருவோம் என்று உட்கார்ந்தேன். ஊருக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னால், ஒரு வறட்சியில் கிணற்றைத் தூர் வாரினார்கள். ஆட்களோடு சேர்ந்து அவளும் மண் சுமந்தாள். ஊருக்குத் தெரிந்த இன்னொரு விஷயம், அவளுக்கு ரொம்ப வருஷம் குழந்தை இல்லாமல், பிந்திப் பிறந்தவன்தான் அவளுடைய ஒரே மகன். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தை நான் நிரப்பினேன். தூர் வாரியபோது அவள் வயிற்றில் முதல் பிள்ளை இருந்ததாகவும், கூலி ஆட்கள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக மண் சுமந்து அது கலைந்து போனதாகவும், யாரிடமும் சொல்லாமல் அதே கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து சோறு ஆக்கியதாகவும் எழுதினேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் அவள் கேட்கிறாள், தண்ணீரை அல்ல. பேரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். கிணற்றை மட்டும் மாற்ற மனசு வரவில்லை, அவ்வளவு நாள் பார்த்துக்கொண்டே எழுதிய கிணறு. அதே வார இதழில் கதை படத்தோடு வெளிவந்தது. என் கணவர் அதுவரை என் எழுத்தை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லா எழுதிப்போட்டே அம்மணி” என்றார். பெருமை தாங்காமல் மில்லுக்கு எடுத்துக்கொண்டு போனார். அங்கிருந்து டீக்கடை, டீக்கடையிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமைத் தகராறைப் பேசித் தீர்க்க ஒறம்பரை என்று நாங்கள் சொல்லும் சொந்தக்காரப் பெரியவர்கள் ஏற்கெனவே நாள் குறித்திருந்தார்கள். என் மாமியார் உயிரோடு இல்லை, அவர் வழிச் சொந்தத்தில் காங்கயத்துப் பெரியவர் ஒருவர்தான் நடுவில் உட்கார்ந்தார். எங்கள் பக்கம் நியாயம் சுத்தமாக இருந்தது. பிரிவினையில் சரிபாதி என்றுதான் பேச்சு, அதில் மூத்தது இளையது எதுவும் இல்லை. என் கணவர் நன்றாகவே பேசினார். மூத்தவர், அவள் கணவர், மடியிலிருந்து அந்த இதழை எடுத்துப் பெரியவரிடம் நீட்டினார். பெரியவரின் மருமகன் அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தான். நிறுத்தி, நிதானமாக, நான் வைத்த புள்ளி கமா ஒன்றும் விடாமல் வாசித்தான். பாதியிலேயே பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். என் கதைக்கு நான் நேரில் பார்த்த முதல் வாசகர்கள் அவர்கள். அப்படி ஒரு கிலி என் வாழ்நாளில் எனக்கு வந்ததில்லை.

“அது கதைங்க மாமா, நானா கட்டுனதுங்க” என்றேன்.

“கட்டுனதுன்னா? பேரு மாத்தியிருக்கறே, ஊரு மாத்தியிருக்கறே, சரி. கெணறு நம்ம கெணறுதான அம்மணி?”

“கெணறு நம்முளுதுதானுங்க.”

“அவ மண்ணு சொமந்தது?”

“அது நெசந்தானுங்க.”

“அப்பறம் இதை மட்டும் எப்படிக் கட்டுவே? பட்டவ சொல்லாம இதையெல்லாம் யாருக்குத் தெரியும்?” என்றவர் அவள் பக்கம் திரும்பி, “உள்ளதா கண்ணு?” என்று கேட்டார். அவள் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். மூத்தவரும் குனிந்தார். இனி எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவர்களுக்கே என்று தீர்ப்பாயிற்று. கூட்டம் கலையும்போது வந்திருந்த பெண்கள் என் கையைப் பிடித்து, எதிராளி கஷ்டத்தைக் கூட இப்படி எழுத மனசு வேண்டும் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். என் கணவர் என்னோடு மறுபடி பேச ரொம்ப நாள் ஆயிற்று. அந்த வருஷம் பாதி வெங்காயம் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் ரூமுக்குப் போனேன். காவலுக்கு இல்லை, சண்டை போடத்தான் போனேன். அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள், என் முக்காலி. “ஏனுங்கக்கா, அது பொய்யின்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? நாலு பேர் முன்னால எப்படிங்க பேசாம இருந்தீங்க?” என்று கேட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

“பொய்யின்னு உனக்குந் தெரியும், எனக்குந் தெரியும். இத்தன வருசம் எனக்கு எதுத்தாப்பல உக்காந்து என்னையவே எழுதுனயே, ஒரு நாளாச்சும் ஏனுங்கக்கான்னு கேட்டயா?”

“கேட்டிருந்தாச் சொல்லியிருப்பீங்களா?”

“சொல்லியிருக்க மாட்டேன். ஆனா நீ கேக்குல. கேக்காமயே என்ற வயித்துல ஒரு புள்ளைய வெச்சு, நீயே கொன்னும் போட்டே. ஊரே எனக்கு எழவு கேக்குது. நீ கொன்ன புள்ளைக்கு ஞாயித்துக்கெழமத் தண்ணியாச்சும் நான் வாங்கிக்கறேன்.”

சொல்லிவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் சத்தத்தில் அதற்கு மேல் எதுவும் பேச முடியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டில் ஒன்று கூட ஒழுங்காக அமையவில்லை.

இப்போது கிணறு வற்றி முள் அடைந்துவிட்டது. அவர்கள் பக்கம் ஒரு போர்வெல், எங்கள் பக்கம் ஒரு போர்வெல். முறையும் இல்லை, காவலும் இல்லை. அவள் சுவருக்கு அந்தப் பக்கம் முட்டி வலியோடு இருக்கிறாள், மருமகளை அதட்டுகிற குரல் இங்கே கேட்கும். ஞாயிற்றுக்கிழமையை எதற்காகக் கேட்டாள் என்று எனக்கு இதுவரை தெரியாது. நான் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. அவளும் நான் கேட்பதற்காகக் காத்திருப்பவள் இல்லை. நல்லது கெட்டதில் நேருக்கு நேர் வந்தால் “வாங்கக்கா” என்கிறேன், “வாரேன் அம்மணி” என்று விலகிப் போகிறாள். என் கதைகளில் வருகிற மோதல்கள் உண்மை போலவே இருப்பதாக வாசகர்கள் எழுதுகிறார்கள். எவளைக் கதைக்குள் கொண்டுவந்தாலும் முதலில் நிறுத்தி, ‘ஏனுங்க, எதுக்கு இப்படிச் செய்யறீங்க?’ என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன். அவர்கள் எல்லோரும் எனக்குப் பதில் சொல்கிறார்கள். விடியற்காலையில் விழிப்பு வந்துவிடுகிறது, வாரத்தில் ஆறு நாள் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், ஒரு வரி வராது. அது அவளுக்குப் போனது போனதுதான்.