மூன்றாவது பங்கு

இதில் எல்லாவற்றையும் உண்மையாக எழுதப் போகிறேன். ரொசாலி அக்காவைப் பற்றி நல்லதாக நான்கு வரி எழுதிக்கொடு, கிளப் மலரில் போடுவோம் என்று கோச் சார் கேட்டார். நான்கு வரியில் முடியாது. நல்லது மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். அக்காவைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி.

செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. நான் முத்தையாபுரம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தின் வாட்ஸ்அப் குழுவில் முந்தின மாலை அக்கா எனக்கு அனுப்பிய செய்தி இருந்தது: "கோமு, பெல்லட் டப்பா நான் கொண்டு வாரேன், நீ வாங்காத." அதற்குக் கீழே கோச் சாரின் செய்தி: "ரொசாலி மேடம் இன்று அதிகாலை மாரடைப்பால் காலமானார்." இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில் இருந்தன. பஸ் வந்தது. ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஏறிவிட்டேன். கூடம் பூட்டியிருந்தது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காக: ரொசாலி அக்காவின் சொந்த ஊர் கீழவைப்பார். துறைமுகத்தில் சரக்கு ஆய்வு நிறுவனம் ஒன்றில் மாதிரி எடுக்கும் வேலை. கப்பலில் வரும் நிலக்கரி, மக்காச்சோளம், உரம் எதுவானாலும் அதில் சிறிது அள்ளிப் பையில் கட்டி, பெயர் எழுதாமல் எண் மட்டும் போட்டுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். நாற்பத்தாறு வயதில், ஒருநாள் வேலை முடிந்து தலையில் கரித்தூளோடு கூடத்துக்குள் வந்து, "இங்கன பொம்பளைக்குச் சொல்லிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார். அதே வாரத்தில்தான் நானும் சேர்ந்தேன். பள்ளியில் பதினோராம் வகுப்பு. ஆக, எங்களுக்குள் மூத்தவர் இளையவர் கிடையாது. இரண்டு பேரும் கற்றுக்குட்டிகள். கூடத்தின் பழைய ஏர் ரைஃபிள் ஒன்றை ஐந்து குண்டுக்கு ஒருமுறை கைமாற்றிக்கொள்வோம்.

முதல் நாள் நான் சுட்டது பக்கத்து அட்டையில் பட்டது. "என்னளா, அடுத்த வீட்டுக்கும் சேத்து வெள்ளையடிக்கியோ?" என்றார். அவர் சுட்டது எந்த அட்டையிலும் படவில்லை. "எனக்கு அட்டையே வேண்டாம். பத்து மீட்டரு தூரத்துல ஒரு கப்பல் நின்னா கண்டிப்பா அடிச்சிருவேன்" என்று சொல்லி அவரே முதலில் சிரித்தார்.

ஒரு வருடத்தில் இருவருக்கும் கை ஆடாமல் நின்றது. அப்போதுதான் அக்கா தன் ஆசையைச் சொன்னார். கூடத்து வாசலில், எனக்குப் பஸ் வரும் வரை துணைக்கு நின்றுகொண்டு சொன்னார். "ஒரே ஒரு தடவ முதுகுல நம்பரு குத்திக்கிட்டு மாநிலப் போட்டி வரிசையில நிக்கணும்ளா. ஜெயிக்கல்லாம் வேண்டாம். எங்க அண்ணன்மாரு நான் இங்கன வாரத பொழுதுபோக்குன்னு சொல்லுதாங்க. அந்த வரிசையில நிக்கிற மாதிரி ஒரு போட்டோ போதும்." அதற்குச் சொந்தமாக ஒரு ரைஃபிள் வேண்டும். கூடத்துப் பழைய துப்பாக்கியோடு வெளியூர்ப் போட்டிக்குப் போக முடியாது. அவர் வாங்குவதை நானும் பயன்படுத்தலாம் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இரண்டு துப்பாக்கிகள் பார்வைக்கு வந்தன. ஒன்று வெளிநாட்டுத் தயாரிப்பு. யாரோ சில வருடம் பயன்படுத்தியது. பெரிய போட்டிகளின் படங்களில் பாதிப் பேர் கையில் அந்தப் பெயர்தான் இருக்கும். நான் அதைப் பற்றிப் படிக்காததே இல்லை. அதன் படத்தை என் இயற்பியல் நோட்டின் உள்ளட்டையில் ஒட்டியிருந்தேன். மற்றது கோயம்புத்தூரில் ஒரு சிறிய பட்டறையில் செய்த புதுத் துப்பாக்கி. பெயரை இரண்டு முறை கேட்டும் எனக்கு நினைவில் நிற்கவில்லை. செய்தவரே போனில் பேசினார். எந்த உதிரி பாகம் வேண்டுமானாலும் மறுநாள் கூரியரில் வரும் என்றார்.

"பேருக்கு ஒரு மதிப்பு இருக்குல்லாக்கா? சும்மாவா எல்லாரும் அதையே வாங்குதாங்க?" என்றேன்.

"இருக்கும். இல்லன்னு சொல்லல. ஆனா கடைத்தெருவுல தூத்துக்குடி முத்துன்னு போர்டு போட்டிருக்கானே, அது எந்தக் கடல்ல குளிச்சு எடுத்ததுன்னு போர்டு சொல்லுமா? கப்பல் பேரு வெளியில எழுதியிருக்கும் கோமு. சரக்கு உள்ள கெடக்கும். நான் உள்ள எறங்கித்தான் அள்ளுவேன்."

அவர் துறைமுகத்து முறையிலேயே சோதித்தார். கோச் சார் இரண்டு துப்பாக்கிகளையும் மாற்றி மாற்றி இடுக்கியில் இறுக்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து அட்டைகள், அட்டைக்கு ஐந்து குண்டு சுட வேண்டும். அட்டைகளில் ஒன்று முதல் பத்து வரை எண் மட்டும் இருக்கும். எந்த எண் எந்தத் துப்பாக்கி என்பதைச் சார் தனித்தாளில் எழுதி உறையில் போட, அக்கா அதன் வாயை அரக்கு உருக்கி மூடுவார். எந்தத் துப்பாக்கியுடையது என்று தெரியாமல் அளக்க வேண்டியது நான். ஐந்து துளைகளும் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்பதை வெர்னியர் அளவுகோலால் அளந்து எழுத வேண்டும். நெருக்கம் கூடக் கூட, துப்பாக்கி நம்பிக்கையானது.

"நீங்களே அளங்களேன்க்கா."

"நான் வாங்குறவ. வாங்குறவ அளக்கக் கூடாது, விக்கிறவனும் அளக்கக் கூடாது. நீதான் நடுவர். கவரையும் நீயே வச்சுக்கோ."

வேலையைப் பற்றி அவர் அடிக்கடி சொல்லும் இன்னொன்று உண்டு. எடுத்த மாதிரியை மூன்றாகப் பிரிப்பார்களாம். "ஒரு பங்கு வித்தவனுக்கு, ஒரு பங்கு வாங்குனவனுக்கு, மூணாவது பங்கு சண்டைக்கு." பின்னால் தகராறு வந்தால் உடைத்துப் பார்க்க அந்த மூன்றாவது பையை முத்திரை வைத்து அலமாரியில் வைத்திருப்பார்களாம். "பாதிப் பை ஒடைக்கவே மாட்டோம்ளா. சண்டை வராதது ஒரு சந்தோசம்தான்" என்பார்.

இனி எழுத வேண்டியது கடினமானது.

சுட்டு முடித்ததும் சாரும் அக்காவும் தேநீர் குடிக்க வெளியே போனார்கள். நான் தனியாக இருந்தேன். கூடத்தின் மறுமுனையில் அட்டைகளுக்கு மேல் வெள்ளை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கையில் உறை. அரக்கு அதன் வாயை மட்டும்தான் மூடியிருந்தது. நான் நடந்து போய் உறையை விளக்குக்கு நேராகப் பிடித்தேன். சாரின் கையெழுத்து தலைகீழாகத் தெரிந்தது. ஒன்று, மூன்று, நான்கு, எட்டு, ஒன்பது. இவை வெளிநாட்டுத் துப்பாக்கி.

சும்மா தெரிந்துகொள்ளத்தான் பார்த்தேன் என்று அப்போது நினைத்தேன். பிறகு அளந்தேன். பெயர் நினைவில் நிற்காத துப்பாக்கியின் துளைகள்தான் நெருக்கமாக இருந்தன. வெளிநாட்டுத் துப்பாக்கியின் அட்டைகளில் மூன்றில், நான்கு துளைகள் ஒட்டியும் ஐந்தாவது சற்று விலகியும் இருந்தன. விலகிய ஒரு குண்டைத் துப்பாக்கியின் குறையாகக் கொள்ளத் தேவையில்லை, பெல்லட்டின், அதாவது அந்தச் சின்ன ஈயக் குண்டின், குறையாகவும் இருக்கலாம் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த மூன்று அட்டைகளிலும் நான்கு துளைகளை மட்டும் அளந்தேன். மற்றதன் அட்டைகளில் ஐந்தையும் அளந்தேன். விட்டுவிட்டதை எங்கும் குறிக்கவில்லை. மூன்றாம் எண்ணுக்கு ஆறு புள்ளி எட்டு மில்லிமீட்டர் என்று எழுதினேன். உண்மையில் அது ஒன்பதுக்கு மேல்.

வகுப்பில் நான்கு பேரிடம் அந்தத் துப்பாக்கியின் பெயரை ஏற்கெனவே சொல்லியிருந்தேன். காரணம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் எழுதியிருப்பேன்.

அக்கா திரும்பி வந்து அரக்கை உடைத்துத் தாளையும் என் அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புருவம் சற்று உயர்ந்தது. "அடேயப்பா, பேருக்கேத்த சரக்குதான் போலுக்கே. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்" என்றார். "இன்னொருக்கா அளக்கவாக்கா?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "எதுக்கு? நடுவர் அளந்தாச்சுல்லா" என்றார். அட்டைகளைச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் கடலை மடிக்க ஆகும் என்று நினைத்தேன்.

துப்பாக்கி வந்தது. அழகாக இருந்தது. இருவரும் அதனோடு படம் எடுத்துக்கொண்டோம். நான்காம் மாதம் அதன் காற்று உருளை வால்வில் கசிவு ஆரம்பித்தது. அதற்கான சின்ன ரப்பர் வளையம் ஊரில் இல்லை, சென்னையிலும் இல்லை, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். பெரிய பெயர், ஆனால் எங்களிடமிருந்து வெகுதூரத்தில் இருந்தது. அது வருவதற்குள் மதுரையில் தகுதிப் போட்டி. அக்கா அப்படியே போனார். நானும் துணைக்குப் போனேன். முதல் நான்கு சுற்றுகள் நன்றாகச் சுட்டார். ஐந்தாவதில் அழுத்தம் இறங்க, குண்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே விழ ஆரம்பித்தன. நடுவே ஒன்று, காரணமில்லாமல், தனியாக விலகிப் பட்டது. அந்தத் தனித் துளையை எனக்கு முன்பே தெரியும்.

இரண்டு புள்ளியில் மாநிலப் போட்டி போயிற்று.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தார். "மூச்ச நான் சரியா பிடிக்கல. துப்பாக்கிய என்ன சொல்ல" என்றார். பஸ் அருப்புக்கோட்டையைத் தாண்டியது. அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து ஒருமுறை "அக்கா" என்றேன். "ம்?" என்றார் உடனே. "ஒண்ணுமில்லக்கா" என்றேன்.

சில வாரங்கள் கழித்து, கூடத்து வாசலில் வழக்கம்போல் எனக்குப் பஸ் வரக் காத்திருந்தோம். அவர் திடீரென்று, "ஏளா கோமு, எங்கிட்ட சொல்லணும்னு ஏதாச்சும் இருக்கா?" என்றார். குரலில் ஒன்றுமே இல்லை. நேரம் கேட்பது போலத்தான் கேட்டார்.

"நாளைக்குக் கெமிஸ்ட்ரி டெஸ்டுக்கா" என்றேன்.

"அப்போ சீக்கிரம் போய்ப் படி" என்று என் பையைத் தூக்கித் தோளில் மாட்டிவிட்டார்.

பொதுத்தேர்வு முடிந்ததும் சொல்லிவிடுவதாக நாள் குறித்திருந்தேன். நோட்டில் எழுதிக்கூட வைத்தேன். அதற்குள் அந்த ஞாயிறு வந்துவிட்டது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மாலையில் அக்காவின் தங்கை மெர்சி அக்கா துப்பாக்கிப் பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். "அவ பொருளு இங்கன இருக்கட்டும், புள்ளைங்க சுடட்டும்" என்றார். கோச் சார் பெட்டியைத் திறந்து பஞ்சு மெத்தையைத் தூக்கியபோது அடியில் ஒரு காக்கி உறை இருந்தது. வாயில் சிவப்பு அரக்கு. துறைமுகத்துச் சீட்டு போலவே தேதியும், அக்காவின் சாய்ந்த எழுத்தில் "மூன்றாவது பங்கு" என்ற இரண்டு சொற்களும். மதுரைக்குப் போய்வந்த அடுத்த வாரத் தேதி அது.

சார் உடைத்தார். அந்தப் பத்து அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஐந்து துளைகளையும் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, அருகே அளவு எழுதியிருந்தார். மூன்றாம் எண்ணில்: ஒன்பது புள்ளி இரண்டு. அதன் பக்கத்தில் என் அளவு, ஆறு புள்ளி எட்டு. இரண்டுக்கும் இடையே கேள்விக்குறிகூட இல்லை. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் என்னோடு பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார், என் பையை மாட்டிவிட்டிருக்கிறார், கடைசி மாலையில் எனக்குப் பெல்லட் கொண்டுவருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். சண்டைக்கு என்று வைத்த பங்கை அவர் உடைக்கவே இல்லை. சண்டை வராதது ஒரு சந்தோசம்தான் என்று அவர் சொன்னதுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தச் சந்தோசத்தை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார்.

முதல் துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் இப்போதும் என்னிடம் எது நல்ல கம்பெனி என்று கேட்கிறார்கள். நிறையப் படித்தவள் என்று நினைக்கிறார்கள். பெயரை மறைத்துவிட்டு ஐந்தையும் அளந்து பாருங்கள், வளையம் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். இவை இரண்டும் அக்காவுடையவை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பவை இவையும், பத்து அட்டைகளும்தான்.

நேற்று மாலை இதை எழுதி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். மற்றவர்கள் கிளம்பிய பிறகு கோச் சாரிடம் வாசித்துக் காட்டினேன். முடித்ததும் அவர், "இத அவங்ககிட்ட வாசிச்சிருக்கணும்ளா" என்றார். "ஆமா சார்" என்றேன். பிறகு அட்டைகளை எடுத்துக்கொண்டு மறுமுனைக்குப் போய், அன்று உறையைப் பிடித்த அதே விளக்கின் கீழே நின்று, பத்தையும் மறுபடி அளந்தேன். துளை ஐந்தும் சேர்த்து. ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொன்னேன், சார் எழுதினார். அக்காவின் அளவுக்கும் என் அளவுக்கும் இந்த முறை வித்தியாசம் வரவில்லை.

அட்டைகளை உறையில் போட்டேன். அரக்கு வைக்கவில்லை. சார் சுவிட்ச் பக்கம் போய் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். விளக்குகள் அணைக்கப்பட்டன.