புள்ளடி கேட்டு வந்தவரின் இரண்டு நாக்கு

முந்தின வாரம் சனிக்கிழமை ஸ்டோவ்னர் கடைத்தொகுதி வாசலில் எனக்கு ஒரு வாஃபல் கிடைத்தது. இலவசம். கூடவே பல் முழுவதும் தெரிய ஒரு சிரிப்பு – அதுவும் இலவசம்.

தந்தவர் எங்கள் வேட்பாளர். ஒஸ்லோ நகரசபைத் தேர்தலில் நிற்கிறார். பெயர் எழுதமாட்டேன். எழுதினால் அந்தத் துண்டை வெட்டியெடுத்து, ‘பேப்பரில் என்னைப் பற்றி வந்திருக்குது’ என்று சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவிடுவார். அவரை எனக்கு நல்லாத் தெரியும்.

நெஞ்சிலே வட்டமாக ஒரு பட்ஜ். ‘முடிவு பெண்ணுடையது’ என்று நோர்வேஜிய மொழியில் எழுதியிருந்தது. கையில் கோப்பியோடு நின்ற நோர்வேஜியப் பெண்களிடம் மனிதர் முழங்கிக்கொண்டிருந்தார். கருவைச் சுமப்பதா, கலைப்பதா என்பதைப் பெண்தான் தீர்மானிக்க வேண்டுமாம். பாதிரியாருக்கும் வேலையில்லை, அரசியல்வாதிக்கும் வேலையில்லையாம். அடடா... நானும் கை தட்டினேன். வாஃபலும் நன்றாகத்தான் இருந்தது.

நகரசபைக்கும் கருக்கலைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு சம்பந்தமும் இல்லை! நகரசபை பனி அள்ளும், பாலர் பாடசாலை நடத்தும். சட்டம் போடுவது பாராளுமன்றம். ஆனால் இந்தமுறை கிறிஸ்தவக் கட்சி ஒன்றின் பட்டியலிலும் ஒரு தமிழர் நிற்கிறார். ‘கருக்கலைப்பு பாவம்’ என்று அவர் வீடு வீடாகச் சொல்லித் திரிகிறார். அவருடைய கொள்கை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனால் ஒன்று – தமிழில் கேட்டாலும், நோர்வேஜிய மொழியில் கேட்டாலும் அந்த மனிதரிடம் ஒரே பதில்தான் வரும்.

எங்கள் வேட்பாளர் புள்ளடிக் கணக்குப் போடத் தொடங்கினார். இங்கே வாக்குச்சீட்டில் கட்சியைத் தெரிந்தெடுத்தபின், பிடித்த ஆளின் பெயருக்கு நேரே ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் அடையாளம், போடலாம். புள்ளடி கூடினால் பட்டியலின் அடியில் கிடப்பவரும் மேலே ஏறுவார். எங்கள் ஆட்கள் கட்சியைப் பார்ப்பதில்லை, கொள்கையைப் பார்ப்பதில்லை... தமிழ்ப் பெயர் கண்டால் புள்ளடி. அந்தப் புள்ளடியெல்லாம் மற்றவருக்குப் போய்விட்டால்?

ஆகவே அடுத்த நாள், ஞாயிறு மாலை, எங்கள் வேட்பாளர் கோயில் மண்டபத்துக்கு எழுந்தருளினார். வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு. பட்ஜைக் காணவில்லை. முன்பெல்லாம் விளையாட்டுப் போட்டிகளில் கண்டால், ‘கடவுளாவது கத்தரிக்காயாவது’ என்று எங்களோடு மல்லுக்கட்டியவர் இவர். தேர்தல் வந்தால் சிலருக்குப் பக்தியும் வந்துவிடுகிறது.

தனியே வரவில்லை. கட்சியின் வட்டாரத் தலைவி இங்கெரையும் கூட்டிவந்திருந்தார். நரைத்த தலை, நேரான பார்வை. இளவயதில், முடிவைப் பெண்ணிடமே விட்ட கருக்கலைப்புச் சட்டத்துக்காகத் தெருவில் இறங்கி நின்ற பெண்களில் ஒருவர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு எங்களோடு நிலத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ‘பார், எனக்குப் பின்னால் எத்தனை சனம்’ என்று அவருக்குக் காட்ட வேண்டும், அதற்குத்தான் இந்த ஊர்வலம்.

இங்கெருக்குத் தமிழ் தெரியாதே! வேட்பாளர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, வசந்தியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இவவுக்குப் பக்கத்தில இருந்து நான் கதைக்கிறதைச் சொல்லிவிடுங்கோ. உங்களுக்குத் தெரியும்தானே... பாத்துச் சொல்லுங்கோ.”

வசந்தி மட்டக்களப்புக்காரி. பாலர் பாடசாலையில் வேலை. சனிக்கிழமைகளில் இதே மண்டபத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கிறாள். சம்பளமில்லை, பாராட்டுமில்லை. அவளுக்கு அந்த வகுப்புத்தான் உயிர். பெயரை நான் மாற்றவில்லை. “மாத்தாம எழுதுங்க அக்கா” என்று அவளே சொன்னாள்.

‘பாத்துச் சொல்லுங்கோ’ என்றால் என்ன? எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் விளங்கும். வகுப்பாசிரியை, ‘உங்கள் மகன் படிப்பதேயில்லை’ என்பார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராக இருப்பவனும் அதே மகன்தான். ‘நல்லாப் படிக்கிறானாம் அம்மா’ என்பான். அம்மாவும் ஆசிரியைக்கு ‘தக்’ என்று நன்றி சொல்லிவிட்டு வருவார். இப்படிச் சீனி தடவிய மொழிபெயர்ப்பிலேயே காலம் தள்ளிய சமூகம் இது. அந்தத் தைரியத்தில்தான் வேட்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“கரு எண்டுறது கடவுள் தந்த உயிர்! அதை அழிக்கிறது மகா பாவம். இந்த நாட்டுச் சட்டம் என்னவும் சொல்லட்டும், எங்கட பண்பாடு வேற. நான் நகரசபைக்குப் போனால் இதுக்கு எதிராக் குரல் குடுப்பன்.”

முன்வரிசையில் இருந்த கோயில் நிர்வாகசபை கை தட்டியது. தட்டல் கேட்டதும் மனிதருக்கு இன்னும் ஏறிவிட்டது.

“அப்பிடிச் செய்த பொம்பிளையள் இந்தக் கோயில்ல விளக்கேத்தவும் கூடாது, எங்கட பிள்ளையளுக்குத் தேவாரம் சொல்லிக்குடுக்கவும் கூடாது!”

நான் வசந்தியைப் பார்த்தேன். அவள் முகத்தில் இரத்தமில்லை. ஆனால் வாய் நிற்கவில்லை. இங்கெரின் காதருகே குனிந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். இங்கெர் சட்டென்று திரும்பி அவளிடம் ஏதோ கேட்டார். வசந்தி தலையை ஆட்டினாள். பிறகு அவள் எனக்குச் சொன்னாள் – ‘உண்மையாகவே இப்படித்தான் சொல்கிறாரா?’ என்று கேட்டாராம். ‘சொல்லுக்குச் சொல்’ என்றாளாம்.

இங்கெர் கை உயர்த்தினார். “கருக்கலைப்பைப் பற்றி இப்போது என்ன சொன்னாய்?” என்று நோர்வேஜிய மொழியில், மண்டபத்துக்கே கேட்கும்படி கேட்டார்.

வேட்பாளர் சிரித்தார். அதே வாஃபல் சிரிப்பு. “இந்த நாட்டில் பெண்களுக்கு உள்ள உரிமையை எங்கள் பெண்களுக்கு விளக்கினேன்” என்று அதே மொழியில் பதில் சொன்னார். கூசாமல்!

பின்வரிசையில் இருந்த இளசுகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர்கள் இங்கேயே பிறந்தவர்கள். இரண்டு மொழியும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதை எப்படி ஐயா மறந்தீர்? சென்னையிலிருந்து வந்த எஞ்சினியர் ஒருவர் என் பக்கத்தில் இருந்தார். “மேடம், இவரு எங்க ஊருல நின்னிருந்தா இந்நேரம் மந்திரி ஆயிருப்பாரு” என்றார்.

அப்போதுதான் வசந்தி எழும்பினாள்.

“அண்ணை, என்னை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போனது நீங்கதானே?”

சிரிப்பு நின்றது.

“அப்ப எங்கட வீட்டுக்காரர் தூர வடக்கில, ஹம்மர்பெஸ்டில வேலையில நிண்டவர். ரெண்டாவது பிள்ளையோட நான் செத்துப் பிழைச்சனான். இன்னொண்டு எண்டா உயிருக்கு ஆபத்து எண்டு டொக்டர் சொல்லியும் மூண்டாவது தங்கிட்டுது, கலைக்கத்தான் போனது. காரில நான் அழ அழ, நீங்க என்ன சொன்னீங்க? ‘அழாதே தங்கச்சி, இது உன்ர முடிவு, எங்கட கட்சிதான் இந்த உரிமைக்குப் போராடினது’ எண்டு சொன்னீங்க. அண்டைக்குப் பாவமில்லை. இண்டைக்கு எப்பிடிப் பாவமாச்சு?”

மனிதருக்கு அவளை ஏற்றிப்போனது மறந்தே போயிருக்கிறது! அது அவர் முகத்திலேயே தெரிந்தது. அன்றைக்கு அவர் செய்தது நல்ல காரியம். அதைக்கூட நினைவில் வைத்திருக்கவில்லை.

“தங்கச்சி... அது தனிப்பட்ட விசயம். இது பொது மேடை...”

“நான் வாற சனிக்கிழமை வந்து கதவைத் திறப்பன்” என்றாள் வசந்தி. இப்போது அவள் பார்த்தது அவரை அல்ல, எங்களை. “அனுப்ப விருப்பமான ஆக்கள் பிள்ளையளை அனுப்புங்க. இல்லாட்டி விடுங்க.”

அதையும் குனிந்து இங்கெருக்கு மொழிபெயர்த்துவிட்டுத்தான் வெளியே போனாள். இங்கெரும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். வேட்பாளரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த வாரம் முழுவதும் என் தொலைபேசி ஓயவில்லை. எல்லோரும் ஒரே பாட்டு. ‘அவ செய்தது பிழையெண்டு நாங்கள் சொல்லேல்ல. ஆனா சபையில சொல்லியிருக்கத் தேவையில்லை.’ கவனித்தீர்களா? அவர் சபையில் பொய் சொன்னது யாருக்கும் உறைக்கவில்லை. அவள் சபையில் உண்மை சொன்னதுதான் மரியாதைக் குறைவாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேருக்குத் தொலைபேசியைப் பட்டென்று வைத்துவிட்டேன். அவர்கள் இதை வாசித்தால்... வாசிக்கட்டும்.

வேட்பாளரும் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அக்கா, இதையெல்லாம் எழுதிப்போடாதேங்கோ. ஒரு தமிழன் உள்ளுக்குப் போறதை நாங்களே கெடுக்கிறதே?”

“எந்தத் தமிழன் தம்பி உள்ளுக்குப் போறான்? கடைத்தொகுதித் தமிழனோ, கோயில் தமிழனோ?”

தொலைபேசியை வைத்துவிட்டார். சிக்னல் போய்விட்டதாம்.

சனிக்கிழமை வந்தது. நான் நேரத்தோடே போய்விட்டேன். வசந்தி பாய் விரித்து, விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே அவளுடைய இரண்டு பிள்ளைகள் மட்டும். வகுப்பு தொடங்கும் நேரம் கடந்தும் வேறு யாருமில்லை. வெளியே மழை. எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். வசந்தி அழவில்லை. “தொடங்குவம்” என்று தன் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னாள்.

கதவு திறந்தது. நனைந்த குடையை உதறியபடி வந்தது யார் தெரியுமா? எங்கள் வேட்பாளரின் மனைவி! இரண்டு மகள்களையும் கையில் பிடித்திருந்தார். கூட்டங்களில் தேநீர்த் தட்டோடு வருவார், போவார். அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. பிள்ளைகளைப் பாயில் இருத்திவிட்டு, “பிந்திப்போச்சு, குறை நினைக்காதேங்கோ டீச்சர்” என்றார்.

அவர்கள் வந்துவிட்டார்கள் என்ற செய்தி எப்படித்தான் பரவியதோ, அரை மணிநேரத்தில் பாய் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. எல்லோரும் வரவில்லை. நிர்வாகசபை வீட்டுப் பிள்ளைகள் ஒன்றுமே வரவில்லை. ஆனால் தேவாரம் மண்டபம் முழுவதும் கேட்டது.

நான் வேட்பாளரின் மனைவியோடு கதவடியில் நின்றேன். அவருடைய மழைக்கோட்டில் வட்டமாக ஒரு பட்ஜ். எனக்குத் தெரிந்த பட்ஜ் – ‘முடிவு பெண்ணுடையது’!

“இது எங்காலை பிள்ளை?”

“அவற்ற சேட்டுப் பொக்கற்றுக்க கிடந்தது அக்கா. தோய்க்க எடுக்கேக்க கண்டனான். கோயிலுக்கு வர முன்னம் கழட்டி வைச்சிருக்கிறார் போல. நல்ல சாமான், சும்மா கிடக்குது எண்டு நான் குத்தியிட்டன்.”

“வாக்குப் போட்டாச்சோ?”

“ஓம் அக்கா. கடைத்தொகுதியில முன்கூட்டியே போட விடுறாங்கள்தானே. வரேக்க போட்டிட்டுத்தான் வந்தனான்.”

எனக்கு வாய் சும்மா இருக்குமா? கேட்கக் கூடாத கேள்விதான்... கேட்டேவிட்டேன்.

“அவருக்குப் புள்ளடி போட்டனீரோ?”

அவர் சிரிக்கவில்லை. பட்ஜை ஒரு விரலால் தட்டிக் காட்டினார்.

“ஏன் அக்கா, உங்களுக்கு நோர்வேஜிய மொழி வாசிக்கத் தெரியாதோ?”