ஒரே பூட்டில் இரண்டு சைக்கிள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவளுக்கு அண்ணி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கேயே சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கும் நாத்தனார், அதாவது புருஷனுடைய கடைசித் தங்கை, வாய்க்கு வாய் அப்படிக் கூப்பிட்டதில் வந்த வினை. பெரிய டாக்டர் முதல் பிணவறைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் அவள் புருஷன்.

அண்ணிக்கு இடது இடுப்பு பிறவியிலேயே கோணல். அவளுடைய பெரியம்மாவுக்கும், பெரியம்மாவின் இரண்டாவது மகனுக்கும் அப்படித்தான். தெருமுனை வரை நடந்தாலே நரம்பு சுண்டி இழுக்கும். சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டாலோ காற்றாய்ப் போவாள். அவள் வீட்டுப் பக்கம் பஸ் கிடையாது. ஆக, சைக்கிள் இருந்தால் வேலை; இல்லையென்றால் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

லாரிக்கும் காருக்கும் ஒதுங்கி ஒதுங்கி, சாக்கடை மூடிமேலேயே ஓட்டிப் பழகியவள் அவள். அதுகூடப் பெரிதில்லை. போய்ச் சேர்ந்ததும் சைக்கிளை எங்கே விடுவது என்பதுதான் தலைவலி. முன்பு கேட்டுக்குள் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கார்கள் பெருத்ததும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். ரெண்டு சக்கரத்துக்கெல்லாம் உள்ளே இடமில்லை என்று காவல்காரர் கையை விரித்தார்.

"நாலு சக்கரத்துல வந்தா சலாம் போடுவீங்களோ?" என்றாள் அண்ணி.

"போடாம? அதுக்குத்தானே சம்பளம்."

வெளிச்சுவரில் கட்டிப் போட ஒரு கம்பிகூட இல்லை. நாத்தனார்தான் வழி கண்டுபிடித்தாள். இரண்டு சைக்கிளையும் ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து ஒரே சங்கிலியில் பூட்டினாள். சாவி ஆளுக்கொன்று.

"இத தூக்கணும்னா திருடன் பொண்டாட்டியையும் கூட்டிட்டுத்தான் வரணும், அண்ணி."

அந்த ஏற்பாட்டில் நாலைந்து மாதம் நல்லபடியாகவே போயிற்று. ஒருநாள் மத்தியானம் நாத்தனார் மகள் பள்ளிக்கூடத்தில் விழுந்து மண்டையில் அடிபட்டுவிட்டதாகச் சேதி வந்தது. அவள் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து தன் சைக்கிளை உருவினாள். அந்தப் பதற்றத்திலும் அண்ணியை மறக்காமல், அண்ணியின் சைக்கிள் சக்கரத்திலேயே சங்கிலியைச் சுற்றிப் பூட்டிவிட்டு, பத்திரமாகத்தான் விட்டோம் என்ற நினைப்போடு போனாள். ஒற்றைச் சைக்கிளை எப்படிப் பூட்டினால் என்ன, ஆட்டுக்குட்டி மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு போகலாமே. சாயங்காலம் அண்ணி வந்து பார்த்தபோது வெறும் சுவர்தான் நின்றது.

குழந்தைக்கு நாலு தையலோடு போயிற்று. நாத்தனார் அழுது தீர்த்துவிட்டு, தன் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"நீங்க எடுத்துக்கங்க அண்ணி. எனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு."

வாங்க மனசில்லை, வாங்காமல் வழியுமில்லை. ஆனால் இப்போது இதுவும் ஒற்றைச் சைக்கிள். அதே சுவரோரம் விட்டுவிட்டு உள்ளே வந்தவளுக்கு வேலையில் கை ஓடவில்லை. போர்வைக்கொரு தரம் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். முதல் நாள் ஒரு தலையணை உறை கருகியது. சூப்பர்வைசர் பார்த்தும் பாராததுபோல் போய்விட்டார். மறுவாரம் ஆபரேஷன் அறைத் துணி இஸ்திரிப்பெட்டிக்கு அடியில் ஓட்டையாகவே போய்விட்டது.

சூப்பர்வைசர் கெட்டவரில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஜன்னலப் பாப்பீங்களா, துணியப் பாப்பீங்களா? ஒண்ணு சொல்லுங்க அண்ணி."

"ஜன்னலப் பாக்கலேன்னா நாளைக்கு என்னால வர முடியாதுங்க."

"இப்படியே பாத்தா நாளைக்கு வரவே வேண்டாங்க."

அண்ணி இஸ்திரிப்பெட்டியை அணைத்து ஓரமாக வைத்தாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாள். காலையில் சாய்த்த மேனிக்குச் சைக்கிள் நின்றது. ஒருத்தரும் தொட்டிருக்கவில்லை. பூட்டைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அங்கிருந்து தன் வீடு மூன்று தெரு தள்ளி. உட்கார்ந்து உட்கார்ந்து போய்ச் சேர்ந்தாள்.

நாத்தனாரும் அதைத் தனியாக எங்கே விடுவாள்? நடந்தேதான் வேலைக்குப் போகிறாள். சைக்கிள் அவள் வீட்டுக்குள் கட்டிலோரம் நிற்கிறது, பூட்டு வேறு போட்டு.