ஆணிக்கு அலறாத டிடெக்டர்

நண்பர்களே, என் முதல் மெட்டல் டிடெக்டரை இன்று வாங்கிவிட்டேன்!

கடைக்காரர் பெரியதைத்தான் நீட்டினார். "இது ரொம்ப ஆழமா புடிக்கும் சார்."

ஓர் ஆணியைக் காட்டினேன். அலறியது. தொழிற்சாலைகள் நிறைந்த எங்கள் அம்பத்தூர் மண் முழுக்க இரும்புத் துண்டுதானே! ஆணியை ஒதுக்கத் தெரிந்த சிறியதை எடுத்துக்கொண்டேன்.

கள்ளிக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா அழுதுகொண்டே வாசலில் கொட்டிய மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். கல்யாண மோதிரம் விழுந்துவிட்டதாம்.

அவர் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா நைனா, பொம்மை வாங்கிகினு வந்துகீறே?"

மணல்மேல் மெதுவாக ஓட்டினேன். ஓரிடத்தில் கூவியது. கையை விட்டேன். மோதிரம்!

அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கணவர் குழைந்தார். "அண்ணாத்தே, ஞாயித்துக்கெழம அத்த எனக்குக் குடேன்?"

புது டிடெக்டரை யாராவது இரவல் கொடுப்பார்களா? நீங்களே சொல்லுங்கள்.